மார்கழித் தடமும் தசைநாணின் நாட்கணக்கும்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள தடங்களில் ஓடுவோர் தொகை சட்டென்று பெருகுகிறது. மருதமலைப் படிகளிலும், தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசிபுரம் பக்கத்து மண்பாதைகளிலும், குளக்கரைகளிலும் விடியுமுன்பே காலடி ஓசை கேட்கத் தொடங்கிவிடும். இவர்களில் ஆண்டு முழுவதும் ஓடுபவர்கள் சிலரே. மற்றவர்கள் சித்திரை வெயிலுக்கு அஞ்சியும், ஆடிக் காற்றில் கண்ணில் மண் விழுவதை வெறுத்தும், ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் படுத்தும் ஓட்டத்தை விட்டவர்கள். குளிர் அவர்களைத் திரும்ப அழைக்கிறது. புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் நோக்கில் 2013-இல் தொடங்கிய கோவை மாரத்தான் அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடைபெறுவதும் அதற்கு ஒரு தூண்டுதல். சாலையில் ஓடிப் பழகியவர்களுள் ஒரு சாரார் இப்போது மண்ணையும் மலையையும் நாடுகிறார்கள். ட்ரெயில் ரன்னிங் என்று இளைஞர்கள் சொல்லும் தட ஓட்டம் கொங்கு நாட்டில் வேரூன்றி வருகிறது.

இப்படித் திரும்பி வருபவரின் உடலுக்குள் நிகழ்வது என்ன? உடல் ஒரே சீராக மீள்வதில்லை. குருதி சில நாட்களில் மீள்கிறது. தசை சில வாரங்களில் மீள்கிறது. தசைநாணும் எலும்பும் மீளப் பல மாதங்கள் பிடிக்கின்றன. குளிர்காலமோ விரைந்து மீள்பவற்றுக்கு மட்டும் துணை செய்கிறது. அதனால் நெஞ்சு தயாராகிவிட்டதாகச் சொல்லும் நாளில் கால் இன்னும் தயாராகியிருக்காது. தை பிறக்கும் வேளையில் குதிகால் வலியோடும் முன்கால் எலும்பு வலியோடும் எலும்பு மருத்துவரைத் தேடிச் செல்வோர் பலரின் துன்பத்துக்கு வேர் இந்த இடைவெளிதான்.

கோவையின் குளிரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதிலைப்போல் நீண்டு கிடக்க, வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது பாலக்காட்டுக் கணவாய். சூன் முதல் அதன் வழியாக மேலைக்காற்று சீறிப் பாய்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் காற்றின் திசை மாறி, கீழைக்காற்று கொங்குச் சமவெளியைக் கடந்து கேரளப் பக்கம் செல்கிறது. கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே அமைந்த நகரம் இது. முகிலற்ற மார்கழி இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட, விடியற்காலையில் வெப்பநிலை 18, 19 பாகை செல்சியசுக்கு இறங்குகிறது. புல் நுனியெல்லாம் பனி கோத்துக்கொள்கிறது. நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்றடுக்கு மூடிபோல் அமர்ந்துவிடுவதால், ஊர்தியின் புகையும் குப்பை எரித்த புகையும் தாழவே தங்கிவிடுகின்றன. வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் அந்த அடுக்கு கலைகிறது. ஓடும்போது நாம் உள்ளிழுக்கும் காற்று, ஓய்வில் இழுப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே பெருஞ்சாலையை ஒட்டிய தடத்தில் இருள் பிரியாத வேளையில் ஓடுவதைவிட, ஊருக்கு வெளியே தோட்டங்களுக்கு நடுவில் கதிரவன் எழுந்தபின் ஓடுவது நுரையீரலுக்கு நன்று.

இனி, ஓட்டத்தை நிறுத்தியபோது உடல் எதை இழந்தது என்று பார்ப்போம். உடலியங்கியல் அறிஞர் எட்வர்டு காயில் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. நெடுங்காலம் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாட்கள் பயிற்சியின்றி இருக்கச் செய்து, ஒரு நிமிடத்தில் அவர்கள் உடல் பயன்படுத்தவல்ல உயிர்வளியின் உச்ச அளவை அவர் இடையிடையே அளந்தார். முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56-ஆம் நாளில் இழப்பு 16 விழுக்காட்டை எட்டி, அதற்குமேல் குறையாமல் நின்றது. முதலில் சரிந்தது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் அளவு. தசைக்குள் உணவை ஆற்றலாக்கும் இழைமணிகளின் நொதிகள் ஏறத்தாழ 12 நாட்களில் பாதி இழப்பை எட்டும் வேகத்தில் குறைந்தன. எனினும் பயிற்சியே அறியாதவர்களின் அளவுக்கு அவை இறங்கவில்லை. தசைக்குள் ஓடும் குருதி நுண்குழல்களோ ஏறக்குறைய முழுமையாக நிலைத்திருந்தன.

இரண்டு ஆண்டு கழித்துக் காயில் குழுவினர், இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு சரிந்ததன் காரணத்தைத் தேடினர். இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்ந்திருந்தவர்களின் உடலில் மொத்தக் குருதி 9 விழுக்காடு குறைந்திருந்தது. குறைந்த அளவுக்கு நீர்மத்தைக் குருதிக் குழாய் வழியே செலுத்தியதும், இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் வெளியேற்றும் அளவு பயிற்சிக் கால அளவை நெருங்கிவிட்டது. எளிய உண்மை இது. சில வாரம் ஓடாதவரின் இதயம் நலிந்துவிடவில்லை. அதற்குள் வந்து நிரம்பும் குருதிதான் குறைந்துவிட்டது. மீண்டும் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே சிறுநீரகம் உப்பையும் நீரையும் காத்து வைக்கத் தொடங்குகிறது. குருதியின் நீர்மப் பகுதி பெருகுகிறது. இரண்டாம் வாரத்தில் திரும்பி வந்தவர் ‘மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது’ என்று மகிழ்வதற்கு இதுவே முதற்காரணம். சிவப்பணுக்கள் பெருக இன்னும் சில வாரம் ஆகும்.

படுத்தே கிடந்தால் இழப்பு இன்னும் கடுமையானது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாசு நகரில் இருபது அகவை இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினர். அவர்களின் உச்ச உயிர்வளி நுகர்வு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து அளந்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு செய்த கேட்டைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிது என்று தெரிந்தது. பின்னர் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்தபோது, ஐம்பதைக் கடந்த அந்த மனிதர்கள் தங்கள் இருபதாம் அகவையின் தொடக்க அளவை மீட்டெடுத்தார்கள். டெங்குவிலோ சிக்குன்குனியாவிலோ வாரக்கணக்கில் படுத்து எழுந்து, படியேறவே தள்ளாடும் எவரும் இச்செய்தியை நெஞ்சில் இருத்த வேண்டும். இழந்தது மிகுதி என்பது உண்மை. மீட்கக்கூடியது என்பதும் உண்மை.

தசைக்கு நினைவுண்டு என்று முன்பெல்லாம் பயிற்றுநர்கள் சொன்னது இன்று உயிரணு அளவில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. தசைநார் ஒவ்வொன்றும் பல உட்கருக்களைக் கொண்ட நீண்ட உயிரணு. பயிற்சியால் தசை பருக்கும்போது புதிய உட்கருக்கள் அதனுள் சேர்கின்றன. ஓசுலோ பல்கலைக்கழகத்துக் குழுவினர் எலிகளில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சியின்றித் தசை மெலிந்தபோதும் அந்த உட்கருக்கள் மறையவில்லை. மாந்தத் தசையிலும், முன்பு செய்த பயிற்சியின் தடயம் மரபிழையின் மீது படிந்து நிலைப்பதை 2018-இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டனர். புதிதாகத் தொடங்குபவரைவிடத் திரும்பி வருபவர் விரைவாகத் தேறுவதற்கு இவை விளக்கம் தருகின்றன.

இங்கேதான் மார்கழியின் குளிர் குறுக்கிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் சமநிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோ கலோரி செலவிடுகிறார். அதில் கால் பங்குக்கும் குறைவாகவே இயக்கமாகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பம். ஒரு மணிநேரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் 450 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பத்தை உடல் வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரி நீங்கும். சித்திரையில் இந்த வேலைக்காக இதயம் தன் குருதியில் பெரும்பங்கைத் தோலுக்கு அனுப்ப நேர்கிறது. கால்களுக்குப் போவது குறைகிறது, துடிப்பு ஏறுகிறது, ஓடுபவர் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். மார்கழி விடியலில் குளிர்ந்த காற்றே வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் குருதி காலுக்கே மிஞ்சுகிறது. அதே வேகம் எளிதாகத் தோன்றுகிறது. ‘இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்’ என்று மனம் சொல்கிறது. வெயில் என்னும் காவலன் விலகிப் போனதை அது அறிவதில்லை.

ஒவ்வொரு அடிக்கும் நிலம் திருப்பித் தரும் விசையோ பருவம் பார்ப்பதில்லை. ஓடும்போது பாதம் நிலத்தில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. கெண்டைக்காலைக் குதிகாலோடு பிணைக்கும் குதிகால் நாண் தாங்குவது எடையைப்போல் ஆறேழு மடங்கு. ஒரு மணிநேர ஓட்டத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் அடிகள். அவற்றில் ஐயாயிரம் ஒவ்வொரு காலுக்கும்.

அந்த நாணைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கிணற்றில் கவலை இறைத்த காலத்து வடத்தைப்போல், இழைக்குள் இழையாக முறுக்கி அடுக்கிய கொலாஜன் கற்றை அது. உயிரணுக்கள் அதில் மிகக் குறைவு. குதிகாலுக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் வரையுள்ள பகுதிக்குக் குருதி வரத்து மேலும் குறைவு. வலியும் கிழிவும் மிகுதியாகத் தோன்றுவது அங்கேதான். இதன் புதுப்பிப்பு எவ்வளவு மெதுவானது என்பதை அணுகுண்டு வெடிப்புகளே காட்டிக்கொடுத்தன. 1955-க்கும் 1963-க்கும் இடையே வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிலுள்ள கரிமம்-14 ஏறத்தாழ இருமடங்கானது. 1963-ஆம் ஆண்டு அணுச்சோதனைத் தடை உடன்படிக்கைக்குப் பின் அது ஆண்டுதோறும் குறைந்து வந்தது. அக்காலத்து மாந்தர் உண்ட ஒவ்வொரு கவளமும் அந்தந்த ஆண்டின் முத்திரையை அவர்கள் உடலில் பதித்தது. கோபனேகன் ஆய்வாளர்கள் 2013-இல் குதிகால் நாண்களின் உட்பகுதியில் அம்முத்திரையைப் படித்தார்கள். பதினேழு அகவையோடு அது எழுதி முடிந்துவிட்டிருந்தது. அதே மனிதர்களின் தசை அவ்வாறில்லை. அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாற்பது அகவையில் ஓடுபவரும் பள்ளிப் பருவத்தில் நெய்யப்பட்ட நாணைக் கொண்டுதான் ஓடுகிறார்.

ஆயினும் நாண் உயிரற்ற கயிறு அன்று. சுமையை உணர்ந்து அதன் உயிரணுக்கள் வினையாற்றுகின்றன. அதன் விறைப்பும் கூடுகிறது. அதற்குப் பன்னிரண்டு வாரமேனும் தொடர்ந்த சுமை வேண்டும் என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. கலிபோர்னியாவில் கீத் பார் குழுவினர் ஆய்வகத்தில் வளர்த்த இணைப்புநார்களை இழுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ பத்து நிமிட இழுப்போடு உயிரணுக்களின் கவனம் நிறைவடைந்துவிடுவதையும், ஆறு மணிநேரம் போன பிறகே அவை மீண்டும் செவிசாய்ப்பதையும் கண்டார்கள். ஆய்வகத்து நார் வேறு, ஓடுபவரின் கால் வேறு. என்றாலும் நெடுநேரம் ஒரே மூச்சில் ஓடுவதைவிடக் காலையும் மாலையும் சிறிது சிறிதாகச் சுமை தருவது நாணுக்கு ஏற்றது என்று கொள்ள இது இடம் தருகிறது.

அச்சுமையைத் தரும் முறையை வீட்டு வாசற்படியிலேயே செய்யலாம். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நின்று, இரு கால்களாலும் எக்கி உயர்ந்து, பின் ஒரு காலை எடுத்துவிட்டு, மற்றக் காலின் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே வரை மிக மெதுவாக இறக்க வேண்டும். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃபிரட்சன், நெடுநாள் குதிகால் நாண் வலியால் ஓட்டத்தை விட்டிருந்த பதினைவருக்கு இப்பயிற்சியை நாளுக்கு இருவேளை, பன்னிரண்டு வாரம் கொடுத்தார். அனைவரும் ஓட்டத்துக்குத் திரும்பியதாக 1998-இல் அவர் எழுதினார். வலி வந்தபின் செய்த மருத்துவம் அது. வலி வருமுன் செய்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பேன்.

எலும்பின் கணக்கும் இதையொத்ததே, ஒரு கூடுதல் இடருடன். புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் தன்னை அரித்துக்கொள்கிறது. பழைய பகுதியைத் தின்னும் உயிரணுக்கள் இரண்டு மூன்று வாரம் வேலை செய்து குழிகளை உண்டாக்குகின்றன. அவற்றை நிரப்பிக் கெட்டிப்படுத்த மூன்று நான்கு மாதம் ஆகிறது. ஆகவே ஓட்டம் தொடங்கிய முதல் மாதம், எலும்பு முன்னைவிடச் சற்று மெலிந்திருக்கும் மாதம். மூச்சு எளிதாகி, தசை வலுத்து, தூரத்தை இருமடங்காக்கத் தோன்றும் மாதமும் அதுவே. முன்கால் எலும்பிலோ புறங்காலிலோ ஒரு விரல் நுனி அளவான இடத்தில் அழுத்தினால் சுருக்கென்று வலித்தால், அது தசை வலியாக இருக்க வாய்ப்பு குறைவு. அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் அறிவுடைமை.

மலைத் தடத்தில் மூச்சை வாங்குவது ஏற்றம், தசையை முறிப்பது இறக்கம். இத்தாலிய அறிஞர் மினெட்டி 2002-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் இறங்கும் சரிவில் ஓடுவதற்கே ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாகிறது. சமநிலத்துச் செலவில் அது ஏறக்குறைய பாதி. இதனால் இறக்கம் எளிது என்று தோன்றும். ஆனால் அங்கே தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருக்கிறது. விழும் உடலை ஒவ்வொரு அடியிலும் அது தடுத்து நிறுத்துகிறது. அப்போது தசையின் மிகச் சிறிய அலகுகள் கிழிகின்றன. வலி உடனே தெரிவதில்லை. ஒரு நாள் கழித்துத் தலைதூக்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் அடைகிறது. மருதமலையில் ஞாயிறு ஓடியவர் செவ்வாயன்று மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பற்றுவது இதனால்தான். தியோடர் ஹவ் என்பவர் 1902-இலேயே இதை விரித்து எழுதிவிட்டார். இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. ஒருமுறை சிறிதளவு இறக்கம் ஓடிய தசை, அடுத்த முறை அதே அளவுக்குக் கிழிவதில்லை. அந்தக் காப்பு பல வாரம் நீடிக்கிறது, சில சோதனைகளில் ஆறு மாதம் வரைகூட நீடித்திருக்கிறது. எனவே திரும்பி வருபவர் தொடக்கத்தில் மருதமலையைப் படி வழியே ஏறிவிட்டுப் பேருந்தில் இறங்கலாம். பிறகு இறக்கத்தில் சிறு பகுதியை மட்டும் ஓடிப் பழக்கலாம்.

ஆனால் தட ஓட்டத்துக்கு மலையில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கொங்கு நாட்டுக்கு உரிய ஒரு தடம் ஊர்தோறும் கிடக்கிறது. இட்டேரி என்று நம் பெரியவர்கள் சொல்லும் மாட்டுவண்டிப் பாதை. இருமருங்கும் கிளுவை வேலி, இடையிடையே கள்ளி, அதில் படர்ந்த பிரண்டையும் கோவைக்கொடியும், நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண். பன்னெடுங்காலம் சக்கரம் உருண்டு இரு பள்ளங்களும், அவற்றுக்கு நடுவே புல் முளைத்த மேடுமாக அதன் தரை அமைந்திருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களின் ஊடே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இப்பாதைகள் நீளும். மார்கழிக் காலையில் வேலி முழுவதும் சிலந்தி வலைகளில் பனி கோத்து நிற்க, கௌதாரி கூவிக்கொண்டு குறுக்கே ஓடும். பெரும்பாலும் சமதளம், சிறு சிறு ஏற்ற இறக்கம், எப்போதும் மண். இழந்த கால்களை மீட்க இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்று சொல்கிறேன். பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. சாலையில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் படியெடுப்பு. இட்டேரியிலோ எந்த அடியும் இன்னொன்றைப்போல் விழுவதில்லை. சுமை ஒரே புள்ளியில் குவியாமல் பரவுகிறது. இதற்குச் சிறிது விலை உண்டு. இரண்டரைச் சென்டிமீட்டர் மேடுபள்ளம் கொண்ட தளத்தில் ஓடினால் ஏறக்குறைய 5 விழுக்காடு ஆற்றல் கூடுதலாகச் செலவாவதாக அளந்திருக்கிறார்கள். அந்த விலைக்குக் கிடைப்பது கணுக்காலின் விழிப்பு. கால் பிசகும்போது அதைத் தடுக்க வேண்டிய தசை வினையாற்றுவதற்குள் சுளுக்கு நிகழ்ந்துவிடும். அத்தனை குறுகிய நேரம் அது. ஆகவே உண்மையான காப்பு முன்கூட்டியே அமைய வேண்டும். கண் பார்த்து, சிறுமூளை கணித்து, பாதம் தரையைத் தொடுமுன்பே தசை இறுகியிருக்க வேண்டும். கரடுமுரடான நிலத்தில் நடப்பவர்களின் பார்வையைக் கருவி கொண்டு தொடர்ந்த ஆய்வில், அவர்கள் கண் ஏறத்தாழ இரண்டு அடி வைப்புகளுக்கு முன்னால் செல்வது தெரிந்தது. ஓய்வுக் காலத்தில் மழுங்குவது இந்தத் திறனும்தான். வேகம் குறைந்த இட்டேரி ஓட்டத்தில் அது மீண்டும் கூர்மை பெறுகிறது. இருளில் ஓடுபவர் அதை இழக்கிறார். தலைவிளக்கின் ஒளிவட்டம் மேடுபள்ளத்தின் நிழலைத் தட்டையாக்கிவிடும். கண்ணாடி விரியனையும் அந்த ஒளியில் சருகிலிருந்து பிரித்தறிவது கடினம்.

மண்ணையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்மண் தடம் மழை நின்ற மறுநாளே காலுக்கு இடம் கொடுக்கும். கரிசல் அப்படியில்லை. அதன் களிமண் நீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். மிதித்தால் காலணியை விடாது. நாலடி போவதற்குள் அடிப்பாகத்தில் ஓர் அப்பம் ஒட்டிக்கொண்டிருக்கும். காலணியின் எடை நூறு கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஒரு விழுக்காடு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட கணக்கு. கரிசல் அப்பத்தின் எடை அதைப்போல் பல மடங்கு இருக்கும். அந்தக் காலை இழுத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கெண்டைக்காலும் நாணும் புதிய கோணத்தில் இழுபடுகின்றன. பல்லடம், சூலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுத் தடங்கள் தைமாதம் நன்கு காய்ந்தபின் மிக இனியவை. மழை ஈரம் காயாத மார்கழித் தொடக்கத்தில் திரும்பி வருபவர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இட்டேரிகள் அழிந்துவருவதைக் குறிப்பிடாமல் என்னால் இக்கட்டுரையை எழுத முடியவில்லை. கிளுவையை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். பாதையின்மேல் தாரோ கான்கிரீட்டோ ஊற்றுகிறார்கள். வீட்டுமனைகள் வந்ததும் பாதி அகலம் காணாமற் போகிறது. மழைநீரைத் தாங்கி நிலத்துக்குள் இறக்கியதும், உடும்பும் கீரியும் ஓணானும் குடியிருந்ததும், ஆநிரை நடந்ததும் அந்த வழியில்தான். எஞ்சியிருப்பவற்றில் மக்கள் நடமாட்டம் இருந்தால் அவை பாதை என்ற உரிமையோடு நிலைக்கும். ஓட்டக் குழுக்கள் வாரம் ஒரு நாளாவது நகரப் பூங்காவை விட்டு இட்டேரிக்கு வர வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகவும்தான். வேலியோரத் தோட்டக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடினால், நாயைக் கட்டிவைப்பதோடு மோரும் கொடுப்பார்.

காட்டுக்குள் செல்வதற்கு வேறு ஒழுங்கு வேண்டும். கோவை வனக்கோட்டத்தின் அடிவாரம் யானைகளின் வழி. இரவில் தோட்டங்களுக்குள் இறங்கிய யானை காட்டுக்குத் திரும்பும் வேளையும், ஓட்டக்காரர் அடிவாரத்தை அடையும் வேளையும் ஒன்றே. மூடுபனியில் இருவருக்கும் இடையே உள்ள தொலைவு தெரியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களுள் ஈரோடு, திருப்பூரிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். 23 உயிர்கள் போயின. அவ்வாண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களை வழிகாட்டியோடு திறந்தது. நம் பக்கத்தில் சாடிவயல்–சிறுவாணி, ஆழியாறு, டாப்சிலிப் தடங்கள் அவற்றுள் அடங்கும். இவற்றைத் தவிர்த்து ஒதுக்குக்காட்டில் ஒப்புதலின்றி ஓடுவது குற்றம், ஆபத்தும்கூட.

இதயத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் தேவை. மாசி முதல் வைகாசித் தொடக்கம் வரை பல்லாயிரவர் பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளிங்கிரியின் ஏழு மலைகளை ஏறுகிறார்கள். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வாறு ஏறியவர்களுள் பலர் வழியிலேயே உயிர் நீத்த செய்தி நம்மை உலுக்கியது. இதய நோயும் மூச்சு நோயும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்தியது. 1993-இல் அமெரிக்காவில் வெளியான மிட்டில்மேன் குழுவின் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. கடும் உழைப்பை அடுத்த ஒரு மணிநேரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு எவ்வளவு உயர்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு 2.4 மடங்கு. வாரத்தில் ஒரு நாள்கூட உழைக்காதவர்களுக்கு 107 மடங்கு. ஓட்டத்தை விட்டு மாதக்கணக்கில் இருந்தவர் இரண்டாவது கூட்டத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது. நாற்பதைக் கடந்தவர், நீரிழிவும் குருதி அழுத்தமும் உடையவர், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது கட்டாயம். காய்ச்சலிலிருந்து எழுந்தவர் காய்ச்சல் முற்றிலும் நீங்கி, பசியும் உறக்கமும் பழைய நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். நாணுக்குப் பன்னிரண்டு வாரம், எலும்புக்கு மூன்று நான்கு மாதம். மார்கழி முதல் நாள் தொடங்குபவருக்கு அது பங்குனியில் நிறைவேறும். அதற்குள் வெயில் ஏறிவிடும். 2025-இல் பிப்ரவரி நடுவில் செய்ததுபோல் தீப்பருவத்தை முன்னிட்டு வனத்துறையும் மலையேற்றத் தடங்களை மூடிவிடும். குளிர்காலத்தில் மலையில் ஓட விரும்புபவர் ஆவணியில் தொடங்க வேண்டும் என்பதே இதன் பொருள். மேலைக்காற்று தணியத் தொடங்கும் அந்நாட்களில் நடையும் ஓட்டமும் கலந்து, வாரம் மூன்று நான்கு முறை, பேச்சுத் தடைபடாத வேகத்தில் இட்டேரியில் ஓடினால் போதும். அதோடு வாசற்படிப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசி மழை பாதையை அடைக்கும் நாட்களில் படிக்கட்டு ஏறி அந்தச் சுமையை விடாமல் காக்கலாம். கார்த்திகையில் ஊர்ப்பக்கத்துக் கரடுகளில் சிறிது இறக்கம் பழகினால், மார்கழி பிறக்கும்போது நெஞ்சும் காலும் ஒரே தகுதியில் இருக்கும். இவ்வாண்டு மார்கழியில்தான் எழுந்திருக்க முடிந்தது என்பவர்கள் இந்தக் குளிரை முழுவதும் இட்டேரிக்கே கொடுத்துவிட்டு, மலையை அடுத்த மழைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.